எந்த நாவலூர்?

இரண்டு தமிழர் ரயில் வண்டியில் எதிரெதிரே அமர்ந்தால், பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்பது நம்மவர் வழக்கம். "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், உறவு முறையும், கோயில் திருவிழாவும், மழை விளைச்சலும் தாமே தொடர்ந்து வரும். ஊரைப் பெயருக்கு முன்னால் தாங்கி நடக்கும் ஜாதி நாம். ‘தேச பக்த’னையும் ‘நவசக்தி’யையும் நடத்திய திரு. வி. கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டிலே பிறந்தது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில். ஆயினும், முன்னோர் விட்டு வந்த திருவாரூரே ‘திரு’வாக நின்று அவர் பெயரைத் தொடங்கி வைத்தது. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-ஆம் ஆண்டில் உயிர் நீத்த வள்ளியம்மை பிறந்தது ஜோஹன்னஸ்பர்க் நகரில். நாம் அவளை அழைப்பதோ தில்லையாடி வள்ளியம்மை என்று. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் தமது சரித்திரத்தை எழுதப் புகுந்தபோது, தம்மைப் பற்றியா முதலில் எழுதினார்? ‘எங்கள் ஊர்’ என்று தலைப்பிட்டு, உத்தமதானபுரத்தைப் பற்றியன்றோ தொடங்கினார்!

ஊர்ப் பெயர் தெரிந்தால் போதும், ஊரையடைந்து விடலாம் என்று நேயர்கள் நினைக்கலாம். அது அத்தனை எளிதன்று. சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில், செம்மஞ்சேரியைக் கடந்து சிறுசேரிக்குப் போகும் வழியில் நாவலூர் இருக்கிறது. இன்று அவ்வழிச் செல்வோர்க்கு அது அடுக்கு மாளிகைகளும் கம்ப்யூட்டர்க் கம்பெனிகளும் நிறைந்த ஓர் இடம், பலருக்கு, 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் வசூல் நிறுத்தப்பட்ட சுங்கச்சாவடியின் பெயர், அவ்வளவே. ஆனால் நாவலூர் ஒன்றுதானா? ஒரகடத்திற்கும் படப்பைக்கும் அண்மையில் மற்றொரு நாவலூர். திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்தில், சட்டப் பல்கலைக் கழகம் இருக்கும் நாவலூர்க் குட்டப்பட்டு. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூர் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். கன்னட நாட்டிலே ஹூப்ளிக்கும் தார்வாருக்கும் நடுவே ரயில் நிலையத்தோடு ஒரு நவலூர். நாவல் மரம் செழித்த இடமெல்லாம் நாவலூராவதில் வியப்பென்ன? இத்தேசம் முழுவதையுமே நாவலந்தீவு என்றழைத்தவரல்லவா நம் முன்னோர்!

இது வெறும் பெயர் விநோதம் என்று தள்ளிவிட முடியாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவரின் முதல் கப்பல் அது. அன்று முதல் 1911 வரையில் அவ்விதம் சென்றவர்கள் 1,52,184 பேர். இவர்களில் பெரும் பகுதியினர் சென்னையில் கப்பலேறினவர். செங்கற்பட்டும் வட ஆர்க்காடும் அவர்களில் மிகப் பலரை அனுப்பிய ஜில்லாக்கள். பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடிய பிஜித் தீவுக்கும் 1903 முதல் சென்னையிலிருந்து கப்பல்கள் சென்றன.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு ஜாபிதா உண்டு. ஆளின் இலக்கம், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, உயரம், உடம்பிலுள்ள மச்சம் அல்லது தழும்பு, பிறகு ஜில்லா, தாலூகா, கிராமம். மாட்டைச் சந்தையில் வாங்குகிறவன் அடையாளம் குறித்துக்கொள்வது போல எழுதிய கணக்கு அது. எழுதியவன் நோக்கம், ஓடிப்போனவனைப் பிடித்து வருவது. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அக்கூலியின் கொள்ளுப் பேரன் அதே ஏட்டைத் தேடி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான் என்பது அவன் கனவிலும் தோன்றியிராது.

தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் மொரீஷியஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இன்று இந்த ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் ஊரைத் தேடுகின்றன. தாய் மொழி பலருக்கு நழுவிப் போயிற்று. பெயர்கள் உருமாறிப் போயின. கையில் எஞ்சியது ஒரு குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் கிறுக்கிய ஊர்ப் பெயர். அதில் ‘ள’வும் ‘ல’வும் ‘ழ’வும் ஒன்றே, ‘பாக்கம்’ என்பது பாதி விழுங்கப்பட்டிருக்கும். நாவலூர் என்று ஒரு வரியில் எழுதியிருந்தால், எந்த நாவலூர்? தாலூகாவின் பெயர் பக்கத்தில் இருந்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. தாலூகாக்கள் பிரிந்தன, சேர்ந்தன. ஏட்டிலே ‘வட ஆர்க்காடு ஜில்லா, சித்தூர்’ என்றிருப்பது இன்று ஆந்திர தேசத்தில் இருக்கிறது. திருத்தணி நம்மை விட்டுப் போய், மா. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டில் திரும்பி வந்தது. செங்கற்பட்டு ஜில்லா 1997-இல் காஞ்சீபுரம் என்றும் திருவள்ளூர் என்றும் இரண்டாகி, 2019-இல் செங்கல்பட்டு என்னும் மாவட்டம் தனியே மீண்டும் தோன்றியது. ஆகவே இன்றைய படம் ஒன்றை மட்டும் விரித்து வைத்தால் வழி தெரியாது. கப்பல் ஏறிய ஆண்டின் படம் வேண்டும். ஊரின் பெயர் அருகிலுள்ள ஊர்களின் பெயர்களோடு நிற்கும் படம் வேண்டும். ஏனெனில், பாட்டி சொன்ன கதையில் வரும் ஏரியும், மலையும், சந்தை கூடும் பக்கத்து ஊரும் ஒரே தாளில் கூடும்போதுதான் "இதுதான் நம் நாவலூர்" என்று நெஞ்சு ஒப்புகிறது.

இப்படிப்பட்ட படம் பிறந்த இடம் எது என்று பார்த்தால், அது நாவலூருக்கு வெகு தொலைவில் இல்லை. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்னும் கும்பினிச் சேனை உத்தியோகஸ்தர் பரங்கிமலைக்கு அருகில் ஓர் எஃகுச் சங்கிலியைத் தரைக்கு மேல் நிறுத்தினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றின் பக்கம் வரையில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு ஒன்றை அளந்தார். நூறடிச் சங்கிலி, இரண்டரை அடி நீளமுள்ள கண்ணிகள் 40. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய், அவர் ஏற்காமல் திரும்பி வந்தது அச்சங்கிலி என்பார்கள். மரப் பெட்டிகளில் கிடத்தி, வெயிலின் சூட்டில் எஃகு நீளுவதையும் கணக்கிலே சேர்த்து, நானூறு தடவை எடுத்து எடுத்து வைத்து அளந்து முடிக்க 57 நாள் பிடித்தது. சித்திரை வெயிலும் கத்திரி வெயிலும்! அந்தக் கோட்டின் தென் முனையிலிருந்து சில மைல் நடந்தால் நாவலூர்.

அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அளவு வளர்ந்தது. கீழ்க் கடற்கரையிலிருந்து மங்களூர் வரையில் குறுக்கே அளந்தபோது, பழைய படங்கள் காட்டியதைவிடத் தென்னாடு சுமார் நாற்பது மைல் குறுகியது என்று கண்டார்கள். பிறகு குமரி முனையிலிருந்து இமயத்தின் அடி வரையில் நெட்டுக் கோடு சென்றது. அரை டன் கனமுள்ள தியோடலைட் யந்திரத்தை மலை மலையாகத் தூக்கினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதிப் பழுதுபட்டது. வடக்கே சென்ற அவ்வளவின் கணக்கிலேதான் உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் வெளிப்பட்டது. அக்கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தர் என்னும் வங்காளி. சிகரத்திற்குச் சூட்டப்பட்டதோ எவரெஸ்ட் துரையின் பெயர். திபேத்தில் ஜபமாலை உருட்டுவது போலக் காலடியை எண்ணி எண்ணி லாசா வரை அளந்து வந்த நயின் சிங்கின் மாலையிலே 108 மணிக்குப் பதில் 100 மணியே இருந்தது. அளவுக்கு வசதியாக இருக்கும் பொருட்டு எட்டு மணி குறைத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். லாம்டனுக்குப் பரங்கிமலையின்மேல் சிலை உண்டு. சங்கிலி தூக்கியவர்களுக்கும், காடு வெட்டி வழி செய்தவர்களுக்கும், ஜுரத்தில் மாண்ட கலாசிகளுக்கும் பெயர்கூட எஞ்சவில்லை.

நாம் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்னியர் நம் நாட்டை அளந்தது நம் வம்ச சரித்திரத்தின்மேல் வைத்த பற்றினால் அன்று. சேனை நடப்பதற்கு வழியும், தீர்வை விதிப்பதற்குக் கணக்கும் வேண்டியிருந்தன. செங்கற்பட்டு ஜாகீர் கும்பினி வசமானதும், 1767 முதல் 1774 வரையில் பார்னார்டு என்னும் இன்ஜினீயரைக் கொண்டு ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். ஆனால் அக்கணக்கு யாருடையது? நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்ததன்றோ! வீடுகள் எத்தனை, ஏரி குளம் எத்தனை, நஞ்சை புஞ்சை எவ்வளவு, விளைச்சலில் கோயிலுக்கும் தச்சனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. காந்தியவாதி தரம்பால் இதன் அருமையை உணர்ந்து உலகறியச் செய்தார். அவ்வோலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் இருக்கின்றன. நாவலூர் வழியாகப் போகும் அதே சாலையிலுள்ள திருப்போரூரின் கணக்கு 2001-இல் நூலாகவும் வெளிவந்தது. அளக்கத் தெரியாதிருந்த நாட்டுக்கு அளவு கற்பித்தோம் என்னும் பெருமை பேசுவோர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

கும்பினியாருக்குப் பின் வந்த சர்க்கார் கிராமங்களை வயல் வயலாக அளந்து, புலத்திற்கு எண் கொடுத்து, எல்லைக் கல் நட்டுப் புலப்படம் வரைந்தது. படங்களிலெல்லாம் நம் மனத்தை மிகவும் இழுப்பது இதுவே. தேசப்படத்தில் நாம் ஒரு புள்ளிகூட அல்ல; புலப்படத்திலோ நம் பாட்டன் வெட்டிய கிணறு இருக்கிறது. ஒரே எண்ணாக இருந்த புலம் ‘1’ என்றும் ‘2’ என்றும் உட்பிரிவாகி, அடுத்த படத்தில் ‘2அ’, ‘2ஆ’ என்று மேலும் உடைவதைக் கவனியுங்கள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட நாள் அது. கோணலாக ஓடும் ஒரு வரப்பு, எந்த வழக்கிலே எந்த முன்சீபின் தீர்ப்பால் அப்படிக் கோணிற்றோ! பெண்ணுக்குச் சீதனமாகப் போன துண்டு, கடனுக்குப் போன துண்டு, கோயிலுக்கு எழுதி வைத்த துண்டு எல்லாம் கோடுகளாகவே தெரியும். பட்டாவையும் அடங்கலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவனுக்கு, ஒரு வீட்டின் மூன்று தலைமுறை அதில் கிடைக்கும்.

ஆனால் புலப்படத்திலே ஒரு பெருங்குறை உண்டு. வரி கட்டியவனே அதில் ஆள். வரி கட்ட நிலமில்லாதவன் அதில் இல்லை. ஏரிக்கு மண் சுமந்தவனும், நாற்று நட்டவளும், பண்ணையாளாக இருந்து பஞ்சத்தில் பரதேசம் போனவனும் எந்தப் புலத்திலும் எண் பெறவில்லை. அவர்கள் பெயரெல்லாம் எங்கே இருக்கிறது? கப்பல் ஜாபிதாவில் இருக்கிறது! ஒரு தாளில் மண் இருக்கிறது, மனிதன் இல்லை. மற்றதில் மனிதன் இருக்கிறான், மண் இல்லை. இரண்டையும் எழுதியவன் ஒரே எஜமான். இரண்டும் கிடப்பதோ கடலுக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று. சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும்? கிராமப் படத்திலே ‘நத்தம்’ என்று ஊர்க் குடியிருப்பைக் குறித்திருப்பார்கள். சற்றுத் தள்ளி, வயலுக்கு அப்பால், சேரி நத்தத்தையும் குறித்திருப்பார்கள். தள்ளி வைத்த அநீதியின் அடையாளந்தான் அது, மறுக்கவில்லை. இருந்தும், நேட்டாலிலிருந்து வருகிற பேரனுக்கு, "உன் முப்பாட்டன் குடிசை இந்த நான்கு எல்லைக்குள்ளேதான் இருந்தது" என்று விரலை வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடம் அந்தப் படத்திலுள்ள அச்சிறு கட்டம். நிலமுள்ளவனுக்குப் பத்திரமும் பட்டாவும் வேறு நூறு சாட்சிகள் உண்டு. இவனுக்கு இஃது ஒன்றே.

இத்தனை அருமையான பொருளை நம்முடைய சொந்த சர்க்கார் எப்படி நடத்திற்று என்பதையும் பார்ப்போம். நாடு விடுதலை பெற்ற பிறகும், பாதுகாப்பு என்னும் காரணத்தைச் சொல்லி, எல்லைப் புறத்தையும் கடற்கரையையும் ஒட்டிய 80 கிலோமீட்டர் அகலத்துக்கு விவரமான படங்களைப் பொது ஜனங்கள் வாங்க முடியாதபடி பல பத்தாண்டுகள் பூட்டி வைத்தார்கள். தமிழ்நாட்டிலே 80 கிலோமீட்டர் என்றால் சென்னை, செங்கற்பட்டு, கடலூர், தஞ்சை, ராமநாதபுரம், திருநெல்வேலி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நாவலூரான் தன் ஊர்ப் படத்தை வாங்க முடியாது. லண்டனிலே பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளோடு இருக்கும் பழைய படத்தை எந்த வெள்ளைக்காரனும் உட்கார்ந்து பார்க்கலாம்! இதைவிட வேடிக்கை வேறுண்டா? 2005-இல் தேசியப் படக் கொள்கை என்று ஒன்று வந்து, ராணுவத்துக்கு ஒரு வரிசை, ஜனங்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். இந்திய சர்வே இலாகாவின் 250-ஆம் ஆண்டாகிய 2017-இல், சுமார் 3,000 தாள்களை இணையத்தின் மூலம் இலவசமாகப் பெறலாம் என்றார்கள். 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி இந்தியர் தம் நாட்டை அளக்கவும் படம் வரையவும் முன் அனுமதி பெற வேண்டியதில்லை என்று ஏற்பட்டது. தாமதமாயினும் நல்லதே. அன்னியக் கம்பெனிகள் வானத்திலிருந்து நம் கூரை ஓடுகளை எண்ணி முடித்த பிறகு வந்த அனுமதி என்பதையும் குறித்து வைக்கிறோம்.

கைப்பேசியிலே படம் இருக்கும்போது பழந்தாள் எதற்கு என்று இளைஞர் கேட்பர். அவசரத்துக்கு நாமும் அதைத்தான் பார்க்கிறோம். குறை சொல்லவில்லை. ஆனால் அது நம்மைக் கண்ணைக் கட்டிய குதிரைபோல் நடத்துகிறது. "நானூறு மீட்டரில் இடப்புறம் திரும்புக" என்கிறதே தவிர, திரும்பும் இடத்துக்குப் பெயர் என்ன, அங்கே ஏரி இருந்ததா என்று சொல்லுவதில்லை. தாளிலே விரித்த படத்தின் இன்பம், போகாத வழிகளும் அதில் தெரிவதுதான். உலகமெங்கும் அலைந்து, மகாத்மாவின் சலனப் படத்தை 1940-இல் வெளியிட்ட ஏ. கே. செட்டியார், பழைய யாத்திரைக் கட்டுரைகளையெல்லாம் தேடித் தொகுத்து 1968-இல் நூலாக்கினார். அவற்றைப் படிக்கும்போது பக்கத்திலே ஒரு படம் விரிந்திருந்தால் அவ்வூர்களெல்லாம் கண் முன் நிற்கும். இல்லையேல் வெறும் பெயர்களாய்ப் போய்விடும். நாவலூர்ப் பக்கத்தில் இப்பொழுது புதிதாக எழும் மாளிகைகளுக்கு ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் பெயர் சூட்டுகிறார்கள். விலாசம் சொல்லுவோரும் அப்பெயரையே சொல்லுகிறார்கள். தாழம்பூர், எகாட்டூர், படூர் என்பவை விலாசத்திலிருந்து நழுவிய பின், இங்கிருந்து இனி வெளிநாடு போகும் பிள்ளையின் பேரன் எதை வைத்துத் தேடுவான்?

சர்க்காரை நாம் கேட்பது பெரிய காரியமன்று. இன்றைய புலப்படத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள், பாராட்டுகிறோம். அதே வழியில், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சேப்பாக்கத்து நில அளவை இலாகாவிலும் உள்ள பழைய கிராமப் படங்களை, பூச்சி அரிப்பதற்கு முன், படமெடுத்து ஆண்டு வாரியாக வெளியிட வேண்டும். ஊர்ப் பெயரைத் தமிழ் எழுத்திலே, பழைய ஆங்கில உருக்களோடு சேர்த்து அகராதி போல் அமைக்க வேண்டும். அவற்றோடு நேட்டால், பிஜி, மொரீஷியஸ் கப்பல் ஜாபிதாக்களையும் வரவழைத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். காங்கிரஸ் மகாசபை ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கப் பாடுபட்ட காலத்தில் நாம் பிடித்த கை, அக்குடும்பங்கள் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது படமில்லை என்று விரிக்கப்படலாமா?

சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லாத காரியமும் ஒன்று உண்டு. நாவலூரிலும், அதைப் போன்ற ஒவ்வோர் ஊரிலும், கிராமப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி, கிராம நிர்வாக அலுவலரின் அறைச் சுவரிலோ, பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ, வந்தவர் நின்று பார்க்கும்படி மாட்டலாம். ஏரியின் பெயரையும், தோப்பின் பெயரையும், ஊர் நத்தத்தையும் சேரி நத்தத்தையும், பழைய கிணறுகளையும் முதியோரைக் கேட்டு அதன்மேல் எழுதலாம். அவ்வூர் முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். செலவு ஒரு மரச் சட்டமும் ஒரு கண்ணாடியுந்தான்.